ஏழு லட்சத்துப் பிஸ்டல் நமக்குத் தேவையா? வாங்குமுன் பார்க்க வேண்டியவை, படிப்படியாக

போன மாதம் டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் எடுத்தார். மகன் கண்டியில் தங்கி உயர்தரம் படிக்கிறான். சனிக்கிழமைகளில் நான் பயிற்சி கொடுக்கும் துப்பாக்கி சுடும் கழகத்துக்கு வருகிறவன். "சேர், தம்பி ஒரு பிஸ்டல் கேக்குறான். ஏழு லட்சமாம். கழகத்துல இருக்குறதும் சுடத்தானே செய்யுது? அப்புறம் எதுக்கு சேர் ஏழு லட்சம்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அவர் தோட்டத்தில் வேலை செய்கிறவர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் ஏழு லட்சம் என்பது 518 முழுப் பேர், அதாவது 518 நாள் வேலை. மாதம் 25 பேர் விழுந்தாலும் இருபது மாத உழைப்பு, அதுவும் அரிசி, மா, தேயிலைத்தூள் எதுவும் வாங்காமல். அவ்வளவு காசுக்கு ஒரு வரியில் பதில் சொல்வது நியாயமில்லை என்று பட்டது. அவருக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பேசுவது 10 மீற்றர் போட்டிக்கான எயார் பிஸ்டலைப் பற்றி. அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மில்லிமீற்றர் ஈய பெலட்டைத் தள்ளும் கைத்துப்பாக்கி. ஒஸ்திரியாவின் ஸ்டெயர், ஜேர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், சுவிட்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பர்டினி ஆகியவைதான் இதில் பெரிய பெயர்கள். புதிதாக வாங்கினால் ஐரோப்பாவில் 1,500 முதல் 2,500 யூரோ வரை. யூரோவை 350 ரூபா என்று வைத்தால் ஐந்தேகால் லட்சத்திலிருந்து எட்டேமுக்கால் லட்சம். கப்பல் செலவும் வரியும் தனி.

முதல் படி: எதற்கு என்று கேளுங்கள்

"வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆகுமே" என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால் அதை இப்போதே துடைத்துவிடுங்கள். எயார் பிஸ்டல் கடதாசியில் ஓட்டை போடும் கருவி. நிஜத் தோட்டா சுடும் கைத்துப்பாக்கியைத் தற்காப்புக்கு வைத்திருப்பது இந்த நாட்டில் கடைக்குப் போய்த் தீர்மானிக்கும் விஷயம் கிடையாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புக்கெனக் கொடுத்திருந்த துப்பாக்கிகளை 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் வெலிசறைக் கடற்படை முகாமில் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய பொருள் ஒரே அறிவித்தலில் களஞ்சியத்துக்குப் போய்விடலாம்.

விளையாட்டுக்கென்றாலும் "காத்துத் துவக்குத்தானே" என்று நினைத்து வெளிநாட்டு மாமாவிடம் சொல்லிப் பார்சலில் போட்டு அனுப்ப வைக்காதீர்கள். சுங்கத்தில் மாட்டினால் பிஸ்டலும் போகும், பெயரும் போகும். கழகச் செயலாளர் வழியாகக் கேட்டு, அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

இரண்டாம் படி: கூடுதல் காசு எதற்குப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள்

எந்தக் கைத்துப்பாக்கியை எடுத்தாலும் விலைக்கணக்கு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் ஏறும். 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக் 17ஐப் பாருங்கள். பிளாஸ்டிக் உடல், கையால் இழைத்துப் பொருத்த வேண்டிய வேலை குறைவு, மழையிலும் சேற்றிலும் நின்று பிடிக்கும். அமெரிக்காவில் சுமார் 600 டொலருக்குக் கிடைக்கிறது. அதே சந்தையில் 2,500 டொலர் கொடுத்தும் பிஸ்டல் வாங்குகிறார்கள். நாலு மடங்கு விலை கொடுத்ததற்கு நாலு மடங்கு குறி தப்பாமல் சுடுமா என்றால் சுடாது. பாகங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கும், விரலால் இழுக்கும் விசை வழுக்கிக்கொண்டு போய்ச் சுத்தமாக விடும், பூச்சு நன்றாக இருக்கும், பெயருக்கும் ஒரு பங்கு போகும். 1949இல் சுவிஸ் இராணுவம் எடுத்த சிக் பி210ஐ இன்றும் பிஸ்டல் பிரியர்கள் மரியாதையோடு பேசுவது அந்தப் பொருத்தத்துக்காகத்தான். ஆனால் எல்லைக் காவலில் நிற்கும் சிப்பாய்க்கு அந்த வித்தியாசம் எத்தனை நாள் பயன்பட்டிருக்கும்?

எயார் பிஸ்டலில் இந்தக் கூடுதல் காசு ஐந்து இடத்துக்குப் போகிறது: விசை, பிடி, காற்றழுத்தம் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவாக வரும் ஒழுங்கு, பெலட் இல்லாமல் வெறும் விசைப் பயிற்சி செய்யும் வசதி, உதிரிப்பாகம். பட்டியலில் குழல் இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் அடுத்த படியில்.

பரிஸ் 2024 ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு நின்று கலப்பு அணியில் வெள்ளி எடுத்தாரே, அந்தப் படத்தைக் காட்டி "பார்த்தீங்களா சேர், சாமான் ஒண்ணுமே தேவையில்ல" என்று எங்கள் பையன்கள் ஒரு வாரம் பேசினார்கள். அவர் விட்டது கண்ணுக்கான விசேஷ வில்லைகளைத்தான். கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்த பிஸ்டல். அதையும் சொல்லிவைத்தேன், யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மூன்றாம் படி: பிழை பிஸ்டலிலா, கையிலா என்று அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் காசைத் தொலைக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

முதலில் கடதாசியின் கணக்கு. 10 மீற்றர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், சட்டைப் பொத்தான் அளவு. அதிலிருந்து வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. பெலட்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே கூடிய புள்ளி கிடைக்கும். ஆகவே ஓட்டையின் நடுப்புள்ளி இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீற்றருக்குள் விழுந்தால் பத்து, 16க்குள் ஒன்பது, 24க்குள் எட்டு, 32க்குள் ஏழு. எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

இப்போது மணல் நிரப்பிய இரண்டு பையை மேசையில் வைத்து, இப்போது சுடும் பிஸ்டலை அதன் மேல் அசையாமல் கிடத்தி, பத்துப் பெலட் சுடுங்கள். மூன்று கடதாசியில் மூன்று தடவை. ஒவ்வொன்றிலும் மிகத் தூரமாக இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு அளந்து, 4.5ஐக் கழியுங்கள். வருவது நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி அகலம். அது 16 மில்லிமீற்றரை விடத் தெளிவாகக் குறைவாக இருந்தால், அசையாத கை கிடைத்திருந்தால் அந்தப் பிஸ்டல் எல்லாவற்றையும் பத்தில் போட்டிருக்கும் என்று அர்த்தம்.

எங்கள் கழகத்தில் இருப்பது நெம்புகோலை ஒரு தடவை அழுத்தினால் ஒரு சூடு வரும் பழைய ரஷ்யப் பிஸ்டல், இஷ் 46. காற்றுச் சிலிண்டர் கிடையாது. டிக்கோயாத் தம்பியை வைத்தே இதைச் சோதித்தோம். மணல் பையில் மூன்று கடதாசியும் 10 மில்லிமீற்றருக்குள் நின்றன. பிறகு அவனையே நின்று, ஒரு கையால் சுடச் சொன்னேன். அகலம் 58.

அவன் முகம் வாடிப்போயிற்று. ஆனால் 58இல் பிஸ்டலின் பங்கு 10தான். ஏழு லட்சம் கொடுத்து அந்தப் பத்தை ஐந்தாக்கினால் கடதாசியில் என்ன மாறப் போகிறது? மிச்சம் எல்லாம் கையிலும் விசையிலும் இருக்கிறது.

மணல் பையிலேயே 16ஐத் தாண்டிப் போனால் கதை வேறு. அப்போதும் உடனே புதுசு தேடாதீர்கள். வேறு பெலட் போட்டுப் பாருங்கள், குழலைத் துடையுங்கள், வாசர் போயிருக்கிறதா என்று பாருங்கள். தட்டை மூக்குள்ள போட்டிப் பெலட்டுக்கும் கூர் மூக்குப் பெலட்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம் பல நேரம் இரண்டு பிஸ்டலுக்கு நடுவே வரும் வித்தியாசத்தை விடப் பெரிது.

நான்காம் படி: விசை

எனக்குக் காசு இருந்தால் முதலில் இதற்குத்தான் கொடுப்பேன். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறது. பிஸ்டலின் முன் குறிமுனைக்கும் பின் குறிமுனைக்கும் இடையே சுமார் 33 சென்ரிமீற்றர். கை முழுவதும் ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் கடதாசியிலும் ஓட்டை ஒரு மில்லிமீற்றர்தான் நகரும். ஆனால் மணிக்கட்டு வெட்டி, முன் குறிமுனை மட்டும் ஒரு மில்லிமீற்றர் விலகினால் 10 மீற்றரில் அது 30 மில்லிமீற்றர் ஆகிவிடும். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். அப்படி மணிக்கட்டை வெட்டவைப்பது பெரும்பாலும் விசைதான்: எப்போது விடும் என்று தெரியாமல் இழுபட்டுக்கொண்டே போகும் விசை.

போட்டி விதிப்படி எயார் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். எல்லா விலைக்கும் இது ஒன்றுதான், ஆகவே "விலை கூடினால் விசை லேசு" என்பது தப்புக் கணக்கு. நல்ல விசை அந்த 500 கிராமை இரண்டாகப் பிரிக்கும். முதலில் ஒரு லேசான நகர்வு, பிறகு ஒரு சுவர். சுவரில் விரல் நிற்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி விடும், நடுவே ஊர்வது இருக்காது.

இதைக் கையால் அறிய ஒரு வழி உண்டு. கடைத் தராசின் அரைக் கிலோப் படிக்கல்லைக் கம்பியில் கட்டுங்கள். பெலட் இல்லை என்பதை இரண்டு பேர் பார்த்து உறுதி செய்தபின், விசையைத் தயார் நிலைக்கு இழுத்து, குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, கம்பியை விசையில் கொளுவி, படிக்கல்லைத் தரையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். விசை கல்லைத் தாங்கி நிற்க வேண்டும். இப்போது கல்லின் மேல் ஒரு பத்து ரூபாக் குற்றியை வையுங்கள், பிறகு இன்னொன்று. எத்தனையாவது குற்றிக்கு விடுகிறது என்று எழுதி, ஐந்து தடவை செய்யுங்கள். ஐந்து தடவையும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் அது நல்ல விசை, விலை என்னவாக இருந்தாலும் சரி. ஒரு தடவை இரண்டிலும் இன்னொரு தடவை பதினொன்றிலும் விட்டால், அந்தப் பிஸ்டல் பிள்ளையை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் படி: பிடி

விலை கூடிய பிஸ்டலின் மரப் பிடி சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு அளவாக வரும். கையை அளந்துதான் சொல்ல வேண்டும். பிடி பொருந்துகிறதா என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி இலக்கின் பக்கம் நீட்டி, ஒரு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முன் குறிமுனை பின் குறிமுனையின் பள்ளத்தில் நடுவில் நின்றால் சரி. ஐந்து தடவையில் நாலு தடவை இடது பக்கமே போனால், அந்தப் பிடி உங்கள் கைக்கு இல்லை, பெட்டியில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும். சுட்டுவிரலின் பக்கம் மரத்தைத் தொடக் கூடாது, விசையை மட்டும் தொட வேண்டும்.

பொருந்தாத பிடியைப் பொருந்த வைக்க ஏழு லட்சம் வேண்டியதில்லை. மரத்தூளையும் ஒட்டுப்பசையையும் குழைத்து, உள்ளங்கையில் இடைவெளி தெரியும் இடத்தில் அப்பி, காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சரி செய்யலாம். பிடி மணிக்கட்டைச் சுற்றி வளைக்கக் கூடாது. பிஸ்டல் முழுவதும் 420க்கு 200க்கு 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றையும் மீறாமல் எவ்வளவு வேண்டுமானாலும் செதுக்குங்கள். தச்சு வேலை தெரிந்த ஒரு பெரியவர் எங்கள் பிள்ளைகள் மூன்று பேருக்கு இப்படிச் செய்து கொடுத்தார். கூலி கேட்டால் "பிளேன்ரீ ஒண்ணு ஊத்துங்க" என்பார்.

ஒன்று மட்டும். நம்ம பக்கத்து மழைக்கு மரம் ஊதும். ஜூன் மாதம் இறுகிப் பொருந்திய பிடி பெப்ரவரி வெயிலில் தளரும். கடைசித் தேய்ப்பை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: மலையில் காற்று எங்கே நிரப்புவது?

விலை கூடிய பிஸ்டல்கள் எல்லாம் 200 பார் (பார் என்பது அழுத்த அளவு) வரை காற்று அடைத்த சிலிண்டரில் ஓடுகிறவை. ஐரோப்பிய விளம்பரத்தில் இது ஒரு வரி. ஹட்டனில் இருப்பவருக்கு இது ஒரு பிரயாணம்.

கடலில் முக்குளிப்பவர்களுக்குக் காற்று நிரப்பிக் கொடுக்கும் இடங்கள் ஹிக்கடுவை, உனவட்டுன, திருகோணமலைப் பக்கம் இருக்கின்றன. பத்து லீற்றர் முக்குளிப்புச் சிலிண்டர் ஒன்றை அங்கே நிரப்பிக் கொண்டுவந்தால் பிஸ்டலின் சின்னச் சிலிண்டரைப் பல தடவை நிரப்பலாம், ஆனால் தடவைக்குத் தடவை அழுத்தம் குறைந்துகொண்டே வரும். முக்குளிப்பு இடங்களில் பெரும்பாலும் கவ்விப் பிடிக்கும் வாய், ஐரோப்பிய இணைப்பில் திருகும் வாய். இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பி வேண்டும், அதையும் விலையில் சேருங்கள். கழகமாகச் சேர்ந்து செய்தால் தாங்கும். தனி ஆளாக, டிக்கோயாவிலிருந்து, பஸ்ஸில் அந்தச் சிலிண்டரோடு? கண்டக்டர் என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மற்ற வழி கைப் பம்ப். 200 பார் வரை ஏற்றும் உயர் அழுத்தப் பம்ப் கிடைக்கிறது. கொஞ்சம் வியர்க்கும், அது பரவாயில்லை. பிரச்சினை ஈரம். நானுஓயாவிலோ தலவாக்கலையிலோ மாலையில் மிஸ்ட் இறங்கிய பிறகு பம்ப் அடித்தால் அந்த மிஸ்டைத்தான் சிலிண்டருக்குள் அமுக்குகிறீர்கள். உள்ளே தண்ணீராகித் தங்கும், வால்வு பழுதாகும். வெயில் ஏறிய மத்தியானம், வீட்டுக்குள், இருபது அடிக்கு ஒரு தடவை நிறுத்திப் பம்ப் ஆறியதும் தொடருங்கள். நடுநடுவே ஈரம் வெளியேற்றும் திருகியைத் திறந்து விடுங்கள்.

வெல்டிங் கடையில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதே, அதிலிருந்து பிடித்தால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். இதைத் தடித்த எழுத்தில் படித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒருபோதும் கூடாது. உயர் அழுத்த ஒட்சிசன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் தானாகவே தீப்பிடித்து வெடிக்கும். பிஸ்டலின் வால்வில் பசை இருக்கும். கை இருக்கும் இடமும் அதுதான்.

இந்தப் படியில்தான் பழைய ஒற்றை அழுத்து நெம்புகோல் பிஸ்டல் நம்ம மலைக்கு எவ்வளவு தோதானது என்று தெரிகிறது. ஒரு சூட்டுக்கு ஒரு அழுத்து, சுற்றியிருக்கும் காற்று, வேறொன்றும் வேண்டாம். ஆனால் போட்டியில் 60 சூடு, 75 நிமிடம். பழகும் சூடுகளையும் சேர்த்து எண்பது தடவை நெம்புகோலை அழுத்தியபின் ஒரு பதினேழு வயதுக் கை கடைசிப் பத்துச் சூட்டில் நடுங்கும். சிலிண்டர் பிஸ்டலின் மெய்யான ஆதாயம் இங்கே இருக்கிறது. தம்பியின் கடைசிப் பத்துச் சூட்டின் புள்ளி முதல் பத்தைவிட எவ்வளவு குறைகிறது என்று நாலு வாரம் எழுதி வையுங்கள். நாலைந்து புள்ளி தொடர்ந்து விழுந்தால், கூடுதல் விலைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

ஏழாம் படி: பிஸ்டல் எங்கே தூங்கும்?

விலை கூடிய பிஸ்டலில் ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பினால் காற்றும் போகாது, பெலட்டும் வேண்டாம், விசை மட்டும் உண்மையான சூடு போலவே விடும். தினமும் அரை மணி நேரம் வெறும் சுவரைப் பார்த்து இப்படிப் பயிற்சி செய்கிறவர்கள்தான் முன்னேறுகிறார்கள். பெலட் செலவில்லை. கொடுத்த காசு திரும்பக் கிடைக்கும் இடம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதற்குப் பிஸ்டல் வீட்டில் இருக்க வேண்டும். லயத்து அறை ஒன்றில் ஐந்து பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள், பூட்டுப் போட ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. அங்கே வைக்கக் கூடாது, வைக்கவும் நான் விடமாட்டேன். அப்போது பிஸ்டல் கழகத்தின் இரும்பு அலுமாரியில்தான் தூங்கும், அந்தச் சுவிட்ச் சனிக்கிழமை மட்டும் வேலை செய்யும். பட்டியலில் இருந்த ஐந்து ஆதாயத்தில் ஒன்று அங்கேயே அடிபட்டுப் போகிறது. (பழைய இஷ் 46இலும் நெம்புகோலை அழுத்தாமல் மேல் பாகத்தைத் திறந்து மூடினால் விசை தயாராகும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது.)

எட்டாம் படி: பெலட் கணக்கு

பிஸ்டலை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர்கள் இதை மறப்பார்கள். ஒரு டின்னில் 500 பெலட். ஒரு நாளைக்கு 80 சூடு, வாரம் மூன்று நாள் என்றால் 240. இரண்டு வாரத்துக்கு ஒரு டின், வருடத்துக்கு 25. ஐரோப்பிய விலையில் டின் 10 யூரோ என்று வைத்தாலும் 250 யூரோ, நம்ம காசில் 87,500 ரூபா. ஏழு லட்சத்தில் எட்டு வருடத்துக்குப் பெலட் வாங்கலாம். கண்டிக்குப் பஸ் காசு இன்னும் சேரவில்லை.

பிஸ்டல் வாங்கிய வருடம் பெலட்டுக்குக் காசில்லாமல் போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அழகான பிஸ்டல். வாரம் இருபது சூடு.

ஒன்பதாம் படி: பழையது வாங்கினால்

பாதி விலைக்கு நல்ல பெயருள்ள பழைய பிஸ்டல் என்பதுதான் நம்ம போன்றவர்களுக்கு நடுவழி. நல்ல பிஸ்டலின் குழலும் விசையும் பல்லாயிரம் சூட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். தேய்வது ரப்பர் வளையங்கள். ஆனால் நான் சுட்டுக்கொண்ட கையோடு சொல்கிறேன், சிலிண்டரின் திகதியை முதலில் பாருங்கள். சிலிண்டரில் உற்பத்தித் திகதி பொறித்திருக்கும். தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருடம்தான் கொடுப்பார்கள். காலம் முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போகக் கூடாது, அந்தப் பொறுப்பு சுடுகிறவருடையது என்கின்றன விதிகள். நான் வாங்கியதற்கு எட்டு மாதம்தான் மிச்சம் இருந்தது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதிய சிலிண்டருக்கு 150 யூரோவுக்கு மேல் போயிற்று.

அப்புறம், காற்றுக் கசிகிறதா என்ற சோதனை. சிலிண்டரை நிரப்பி, பிஸ்டலில் மாட்டி, அழுத்தமானியின் எண்ணை எழுதி, ஒரு நாள் வையுங்கள். இங்கே நம்ம மலைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மத்தியானம் 20 பாகை, விடியற்காலை 10 பாகை என்று வையுங்கள். 200 பார் இருந்த சிலிண்டர் கசியாமலேயே ஏழு பார் குறைத்துக் காட்டும். குளிரில் காற்றின் அழுத்தம் குறைவதால். இது தெரியாமல் நல்ல பிஸ்டலைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஆகவே இன்று மத்தியானம் பார்த்தால் நாளையும் மத்தியானமே பாருங்கள்.

வலக்கைப் பிடியா இடக்கைப் பிடியா, இலக்கத் தகடு அழியாமல் இருக்கிறதா, அந்த மாதிரிக்கு வளையங்கள் இன்னும் செய்கிறார்களா என்பவற்றையும் கேளுங்கள். கேட்காமல் வாங்கினால் அது அலங்காரப் பொருள்.

பத்தாம் படி: தீர்மானம்

60 சூட்டுக்கு 600 புள்ளியில் எத்தனை என்று வைத்து நான் பிரிக்கும் விதம் இது. இது என் கணக்கு, வேறு பயிற்சியாளர் வேறு எண் சொல்லலாம்.

520க்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு ஏழு லட்சத்துப் பிஸ்டல் வேண்டாம். சராசரி ஒரு சூட்டுக்கு எட்டரைப் புள்ளி எடுக்கும் கைக்குள் பிஸ்டலின் வித்தியாசம் மறைந்துபோகும். பிடியைச் செதுக்குங்கள், பெலட் வாங்குங்கள். 520க்கும் 550க்கும் இடையில் மூன்றாம், நான்காம், ஆறாம் படிகளைத் திரும்பச் செய்து பாருங்கள். விசை ஏமாற்றினால், அல்லது கடைசிப் பத்துச் சூடு விழுந்துகொண்டே போனால், நல்ல பழையது ஒன்று தேடலாம். 550ஐத் தாண்டி மூன்று போட்டியில் நின்றுவிட்டால், நான் முதல் ஆளாகக் கழகத்தில் உண்டியல் குலுக்குவேன். அந்த உயரத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சண்டை. தென்கொரியாவின் ஜின் ஜொங் ஓ 2009இல் 594 எடுத்தார், அறுபது சூட்டில் இழந்தது ஆறே புள்ளி. அங்கே பிஸ்டல் ஒரு புள்ளி திருடினாலும் தெரியும்.

டிக்கோயாத் தம்பி போன மாதம் எடுத்தது 507. அப்பாவுக்குப் போன் போட்டு, மணல் பைக் கடதாசியையும் நின்று சுட்ட கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புகிறேன், பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தார். "அப்ப பெலட்டு எத்தன டின்னு சேர் வாங்கணும்?" என்றார். ஆறு மாதத்துக்குப் பன்னிரண்டு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, மனதுக்குள் பேர் எண்ணியிருப்பார். "ஆறு இப்ப வாங்குவோம் சேர். மத்த ஆற தீபாவளி முற்பணத்துல பாப்போம்."

தம்பியின் பிடிக்கு மரத்தூள் குழைத்து அப்பியிருக்கிறது. இன்னும் காயவில்லை, மழை விடவில்லை.